வாயை அசைத்தால் போதும்

எனக்கு எண்பது வயது. ரேஷன் கார்டில் எழுபத்தாறு என்று இருக்கிறது. எழுத வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் போட்டது அது. பெருமையாக இருந்ததால் நானும் திருத்தச் சொல்லவில்லை. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. பெற்ற மூன்று பேரையும் உங்களுக்குத் தெரியாது. பெரியவன் ராணிப்பேட்டையில் இருக்கிறான், பெண்ணை நாட்றம்பள்ளியில் கொடுத்திருக்கிறது, சின்னவன் வீட்டில் நான் இருக்கிறேன். நான்காவது பிள்ளையை உங்களுக்குத் தெரியும். சுவரில் பார்த்திருப்பீர்கள், காலண்டரில் பார்த்திருப்பீர்கள். ரூபலதா என்று சொன்னால் ‘அட, அவங்களா!’ என்பீர்கள். எனக்கு அவள் குப்பு.

நேற்று மத்தியானம் டிவியில் குப்புவின் பழைய படம் ஒன்று ஓடியது. பேத்தி பவித்ராவுக்குப் பரீட்சை நேரம். அவள் படிக்கட்டும் என்று சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது மந்தம். சத்தம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். படத்தில் மழை கொட்டுகிறது. குப்பு ஒரு ரயில்வே ஸ்டேஷன் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுகிறாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன்.

“ஆயா, அவங்க அழுவுறாங்க. நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?” என்றாள் பவித்ரா.

“அவ எங்க அழுவுறா? எனக்கு சேதி சொல்றா.”

“டிவிலர்ந்தா?”

“ஆமா.”

“ஆயா, காலைல மாத்திரை போட்டியா இல்லியா?”

போட்டேன் என்று சொல்லி, உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சைப் புத்தகம் மூடினது மூடினபடி கிடந்தது. அவள் அம்மா வந்து என்னைத்தான் திட்டினாள். சாயங்காலம் பவித்ரா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி சொல்லு ஆயா, எழுதிவைக்கிறேன் என்றாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ‘பேரணாம்பட்டு’ என்பதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்கிறேன், அவள் புத்தகத் தமிழில் மாற்றி எழுதுகிறாள். ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

குப்பு என் அக்கா மகள். அவளுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இவளைப் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். குப்பையில் கிடப்பதை எமன் எடுக்கமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வது வழக்கம். எமன் இவளை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டான். குப்புவின் அப்பன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன். பெங்களூர் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, திரும்பவில்லை. அக்கா வேலூர் ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். கட்டில் ஓரத்தில் குப்பு ஒரு சாத்துக்குடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

“குப்புக்கு யாரும் இல்லன்ற பேச்சு ஒருத்தர் வாயிலயும் வரக் கூடாதுடி.”

“வராதுக்கா,” என்றேன்.

சொல்வது சுலபம். அடுத்தவர் வாய்க்கு நாம் பொறுப்பாக முடியுமா? ஆனால் அந்த வயதில் அதெல்லாம் எங்கே தோன்றுகிறது. குப்புவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

ஆம்பூரில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறின தண்ணீர், சுண்ணாம்புத் தொட்டி, ஈரத்தோல் எல்லாம் சேர்ந்து காற்றில் இருக்கும். கல்யாணத்துக்கு வெளியூர் போனால்தான், என்னவோ குறைகிறதே, மூச்சு ருசியாக இல்லையே என்று தோன்றும். குப்புவின் தலைமுடியில் நான் எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் அந்த வாசனை போகாது. பிற்பாடு மெட்ராஸில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று, என் கூடையில் இருந்து எடுத்துப்போன ஒரு துண்டுத் தோலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாளாம். அவளே சொன்னாள். ஊரெல்லாம் அவளுக்கு சென்ட் பாட்டில் அனுப்பின காலத்திலும் அந்தத் துண்டு அவள் பெட்டியில் இருந்தது.

தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். என் வீட்டுக்காரர் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நான் அதே ஷாப்பில் கிளேசிங் ஷெட். கிளேசிங் என்றால் வேறொன்றும் இல்லை. பதப்படுத்திச் சாயம் போட்ட தோலைப் பலகையில் விரித்துவைப்பார்கள். மிஷின் கையில் ஒரு கண்ணாடி உருளை இருக்கும். அது தோலின்மேல் ஓங்கி ஓங்கித் தேய்த்துவிட்டுப் போகும், வரும். தேய்க்கத் தேய்க்கத் தோலில் முகம் பார்க்கலாம். மிஷினில் ஆண்கள் நிற்பார்கள். மருந்து தடவுவது, தோலை எடுத்துக் கொடுப்பது, அடுக்குவது எங்கள் வேலை. ஒரு மிஷின் ஓடினாலே மண்டைக்குள் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும். அங்கே வரிசையாக ஓடும். பக்கத்துக் கொட்டகையில் தோல் புரட்டுகிற பெரிய பெரிய மர டிரம் வேறு கடகடவென்று உருளும். என் காது போனது அங்கேதான். போனால் போகிறது, அதற்குப் பதிலாக ஒன்று கிடைத்தது.

எங்கள் ஷெட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசிப் பிரயோஜனம் இல்லை. உதட்டை நன்றாக விரித்து, குவித்து, சத்தம் இல்லாமல் பேசுவோம். இந்தக் கோடியில் இருப்பவள் ‘உப்பு கம்மி’ என்று உதட்டால் சொன்னால் அந்தக் கோடியில் இருப்பவளுக்கு எந்தக் குழம்பில் என்பது வரைக்கும் விளங்கிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. உதட்டில் ‘பா’வும் ‘மா’வும் ஒரே மாதிரி இருக்கும். எது என்று கண்ணையும் புருவத்தையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால் எங்கள் ஷெட்டில் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு பேசினால் பேச்சே இல்லை. புதிதாகச் சேருகிற பெண்கள் வெட்கப்பட்டுத் தலை குனிந்தால் நூராக்கா போய் மோவாயைப் பிடித்து நிமிர்த்திவிடுவாள்.

நூராக்கா என்கிற நூருன்னிசா பேரணாம்பட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். புருஷன் போன பிறகு ஆம்பூருக்கு வந்து எங்களோடு சேர்ந்தாள். உருதும் தமிழும் கலந்து உதட்டில் பேசுவாள். இன்றைக்கும் உருது எனக்குக் காதில் விழுந்தால் ஒன்றும் புரியாது. வாயில் பார்த்தால் புரியும்.

இந்தப் பழக்கம் ஷெட்டோடு நிற்காது, வீட்டுக்கும் கூடவே வரும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால்கூடச் சத்தமே வராது. பக்கத்து வீட்டில் இருந்த என் நாத்தனாருக்கு அதில் தீராத குறை. சுவரில் காதை வைத்தாலும் ஒன்றும் கிடைக்காதே. அவள் ஷாப்புக்கு வந்தவள் இல்லை, அதனால் இந்தப் பாஷை அவளுக்கு வராது.

குப்பு பள்ளிக்கூடம் விட்டு வந்து மத்தியானச் சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நிற்கும். உள்ளே வரக் கூடாது. வாசலிலேயே நின்று, மிஷின் சத்தத்துக்கு நடுவே, அன்றைக்கு நடந்ததை எல்லாம் உதட்டால் சொல்லும். டீச்சர் எப்படி மூக்குக்கண்ணாடியைத் தூக்கினாள், சோடாக்கடைக்காரன் எப்படி நாத்தனாரைக் கண்டு ஒளிந்துகொண்டான், எல்லாம் முகத்தில் ஓடும். கதையில் டீச்சர் வந்தால் குப்புவைக் காணோம், டீச்சர்தான் நிற்பாள். வரிசையாக நிற்கிற நாங்கள் தோள் குலுங்கச் சிரிப்போம். மிஷின் பக்கம் பார்த்து நிற்கிற மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்காது. திரும்பிப் பார்ப்பார். குப்பு நல்ல பிள்ளையாகத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நடிப்பை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் அவளைக் கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்புவாள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள் பவித்ரா. ஆம்பூர் கிளேசிங் ஷெட் வாசலில்.

ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, முதலாளிகள் தொழுகைக்குப் போவார்கள். அன்றைக்குப் பாலாற்றில் சினிமா எடுக்க வந்திருக்கிறார்கள், கூட்டத்துக்கு ஆள் வேண்டுமாம் என்று சொல்லித் தெருவே திரண்டு போனோம். அப்போதெல்லாம் ஆறு முழுக்க மணல். மணலின் அந்தப் பக்கம் ஜீப்புமேல் டைரக்டர், இந்தப் பக்கம் ஜனங்கள், நடுவில் ஜெனரேட்டர் போடுகிற சத்தம். அவர் கையில் இருந்த ஒலிபெருக்கிக் குழாய் கோளாறாகிவிட்டது. மனிதர் கத்துகிறார், கையை ஆட்டுகிறார், யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். குப்பு என் பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எல்லாரும் ஒக்காரணுமாம். மஞ்சப் பொடவ கட்டினவங்க மட்டும் நிக்கணுமாம். அப்புறம் நம்மள எருமைங்கன்றாரு.”

உட்கார்ந்தோம். டைரக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். குப்பு மட்டும் எழுந்து நின்று அவரைப் பார்த்து உதட்டால் என்னவோ சொன்னாள். அவர் ஜீப்பில் இருந்து இறங்கி, மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார்.

“ஏம்மா பொண்ணே, அங்க நின்னுட்டு என்னைப் பார்த்து என்ன சொன்ன?”

“எருமைங்க நாங்க இல்ல சார், நீங்கதான்னு சொன்னேன்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“அது புரிஞ்சுதான் ஓடி வந்தேன்,” என்றார்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்காரவைக்க நாற்காலி இல்லை, நூராக்கா வீட்டில் இருந்து கொண்டுவந்தோம். கோடம்பாக்கத்தில் அவருடைய அம்மா வீட்டில் குப்பு இருக்கட்டும், அம்மா பார்த்துக்கொள்வார், சின்னச் சின்ன வேஷம் கொடுத்துப் பழக்குகிறேன் என்றார். சேதி கேட்டு நாத்தனார் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“வயசுக்கு வந்த பொண்ண கூத்தாட அனுப்புறீங்களா? போனவ திரும்பி வர மாட்டா. நாளைக்கு நீ போய் நின்னா யாருன்னு கேப்பா பாரு,” என்றாள் என்னிடம்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்பில் வெந்துபோன விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அனுப்பினால், பெற்றவள் இல்லை அதனால் தள்ளிவிட்டாள் என்பார்கள். அனுப்பாவிட்டால், அந்த முகத்தை மருந்து வாளிக்கு முன்னால் குனியவைத்தது நான் என்று ஆகும். அவர் தலையைத் தூக்கிக் குப்புவைப் பார்த்து, “போறியா?” என்று மட்டும் கேட்டார். நாத்தனார் இருக்கிறாளே என்று குப்பு உதட்டால் பதில் சொன்னாள்.

‘போறேன் சித்தப்பா. ஆனா இங்கதான் வருவேன்.’

போனாள். ஆரம்பத்தில் கூட்டத்தில் ஒருத்தி. அப்புறம் கதாநாயகியின் தோழி. அப்புறம் ஆஸ்பத்திரி சீனில் ஊசி எடுத்துக்கொடுக்கிற நர்ஸ். எந்தப் படத்தில் சாவு வந்தாலும் பிணத்தின் கால்மாட்டில் குப்பு அழுதுகொண்டிருக்கும். நாங்கள் ஷெட்டோடு போய்ப் பார்ப்போம். ‘அதோ! அதோ!’ என்பதற்குள் போய்விடும். ஆனாலும் பொங்கலுக்கு வருவாள், குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு வருவாள். வந்தால் ஷெட் வாசலில் நின்று மெட்ராஸ் கதை எல்லாம் உதட்டால் சொல்லாமல் போகமாட்டாள்.

ஒரு வருஷம் திருவிழாவுக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. பெரிய கம்பெனி ஒன்று அவளைக் கதாநாயகியாகப் போட்டிருக்கிறது, பேரை ரூபலதா என்று மாற்றிவிட்டார்கள் என்று சேதி மட்டும் வந்தது. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம். ரூபலதா என்று சொல்லிப் பார்த்தால் வேறு யார் வீட்டுப் பெண்ணையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது இன்னொரு பக்கம்.

அப்போதுதான் ஷாப்பு எதிரில் டீக்கடையில் மேஸ்திரி ஒரு சினிமாப் பத்திரிகையைப் பிரித்து உரக்கப் படித்தார். “புதுமுகம் ரூபலதா தாய் தந்தையை இழந்தவர். உற்றார் உறவினர் யாரும் இல்லாமல் சென்னையிலேயே வளர்ந்தவர்…” அவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சேதி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் போனால் நாத்தனார் தயாராக நிற்கிறாள்.

“யாரும் இல்லியாமே? சோறு போட்டவள உசுரோட பொதச்சிட்டா பாரு. நான் அப்பவே சொன்னேன்.”

குப்புமேல் எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்குதான் நினைவுக்கு வந்தது. ஒருத்தர் வாயிலும் வரக் கூடாது என்றாளே, இப்போது ஊர் வாய் முழுக்க அதுதானே. குப்பு வாயிலும் வந்துவிட்டதா? பத்திரிகைக்காரர்களிடம் அவளே அப்படிச் சொன்னாளா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நூராக்கா ஷெட்டில் என்னைப் பார்த்துப் பார்த்து ஒன்றையே உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தாள்: ‘பேஜார் ஆவாத. படம் வரட்டும். நேர்ல பாப்போம்.’ படத்தில் பார்ப்பதை அவள் நேரில் பார்ப்பது என்றுதான் சொல்வாள்.

படம் ஆம்பூருக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பகல் ஆட்டத்துக்குக் கிளேசிங் ஷெட் முழுக்கக் கிளம்பினோம். நாத்தனாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். படம் பார்க்க இல்லை, என்னைப் பார்க்க. பெண்கள் பக்கம் பெஞ்சில் எனக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தாள்.

எழுத்துப் போட்டதும் ஒரே விசில். ரூபலதா என்று வந்ததாம், நான் ‘ரூ’ கூட்டுவதற்குள் மறைந்துவிட்டது. பிறகு குப்பு வந்தாள். படி இறங்கி வருகிறாள், அப்படி ஒரு அழகு. வாயைத் திறந்தாள். தேன் மாதிரி ஒரு குரல். ஆனால் குப்புவின் குரல் இல்லை.

“யா அல்லா, இது யாரு கொரலு?” என்றாள் நூராக்கா வாய்விட்டே. அப்போதெல்லாம் படம் எடுக்கும்போது பேசுவது ஒன்றும் படத்தில் வராது, அப்புறம் தனியாகக் குரல் சேர்ப்பார்கள், அதற்கு வேறு ஆளைப் பேசவைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பேரைப் பிடுங்கினார்கள், ஊரைப் பிடுங்கினார்கள், இப்போது குரலையும் பிடுங்கிவிட்டார்களே என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த மழை சீன். ரயில்வே ஸ்டேஷன். கதாநாயகன் கேட்கிறான், உனக்கு யார் இருக்கிறார்கள் என்று. குப்பு தூணைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். திரை முழுக்க அவள் முகம். அந்தத் தேன் குரல் சொல்கிறது: “எனக்கென்று இந்த உலகத்தில் யாருமே இல்லை…”

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். நான் திரும்பவில்லை. நான் குப்புவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாய் அதைச் சொல்லவில்லை.

‘எனக்கு எங்க சின்னம்மா இருக்குது. ஆம்பூர்ல.’

நன்றாக விரித்து, குவித்து, ஷெட் வாசலில் நின்று சொல்கிற மாதிரியே. கண்ணைக் கீழே போடவே இல்லை. அதற்குமேல் அந்தக் குரல்காரப் பெண் விம்முகிறாள். குப்புவின் உதடு விம்மவில்லை. ‘சின்னம்மா, சாப்டியா?’ என்கிறது.

நூராக்கா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். அப்புறம் எழுந்து நின்றாள். அவள் பின்னால் ஷெட் மொத்தமும் எழுந்தது. கைதட்டு, விசில். எங்கள் விசில் மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பழகின விசில். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த பெண்கள் திட்டினார்கள். டிக்கெட் கிழிக்கிறவன் டார்ச் அடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“இன்னாம்மா இது? அழுவுற சீனுக்குப் போயி விசில் அடிக்கிறீங்க?”

“எங்க பொண்ணு நல்லா அழுவுதுப்பா, அதான்,” என்றாள் நூராக்கா.

நாத்தனார் என் முழங்கையை இடித்து இடித்துக் கேட்கிறாள், “இன்னாடி? யாரும் இல்லன்னுதான சொன்னா? எதுக்குடி இவளுங்க குதிக்கிறாளுங்க?” நான் அவளைப் பார்த்து நிறுத்தி நிதானமாக உதட்டால் பதில் சொன்னேன். அவளுக்கு விளங்காது என்று தெரிந்துதான் சொன்னேன். அந்தச் சின்னச் சந்தோஷத்தை எனக்கு விட்டுக்கொடுங்கள். இடைவேளையில் நூராக்கா அவளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து எல்லாம் சொன்னாள். நாத்தனார் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “அப்ப உங்க அக்கா பொண்ணு மாறாம அப்பிடியேதான் இருக்குதா?” என்றாள். மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தேன், கண்ணில் தண்ணீர் நின்றதால் தெரியவில்லை. மறுவாரமும் போனோம். அதையே சொன்னாள். ‘எங்க மாத்திச் சொல்லிடுவாளோன்னு பயந்தேன்’ என்று நூராக்கா கிண்டல் செய்தாள்.

படம் நன்றாக ஓடின பிறகு குப்பு காரில் வந்து இறங்கினாள். தெருவே கூடிவிட்டது. அவள் நேராக வீட்டுக்கு வரவில்லை, ஷெட் வாசலுக்குப் போய் நின்றாள். மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

‘பாத்தீங்களா?’ என்றாள் உதட்டால்.

‘பாத்தோம்’ என்றோம்.

வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது சொன்னாள். “படம் வெளிய வர்ற வரைக்கும் ஊருக்குப் போவக் கூடாதுன்னு கம்பெனில கண்டிசன் சின்னம்மா. அனாதப் பொண்ணு வேசம், நெசமாவே யாரும் இல்லன்னு போட்டா ஜனம் ஜாஸ்தி வரும்னு அவங்களே எழுதிட்டாங்க. அந்த சீன்ல கம்பெனி டைரக்டரு ‘உன் கொரலு வேணாம், வாய அசைச்சா போதும், பேச வேற பொண்ணு கீது’ன்னாரு. சரி, அசைக்கச் சொன்னாங்க, அசைச்சிட்டேன். யாரும் இல்லன்னு சொல்ல எனக்கு ஒதடு வரல.”

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கேட்டதை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி கேட்டாள். பிறகு அந்த உருண்டையை எனக்கு ஊட்டினாள். நான்தான் அவளுக்கு ஊட்டிப் பழக்கம், அன்றைக்கு மாறிப்போயிற்று.

அதற்கப்புறம் குப்பு எங்கேயோ போய்விட்டாள். எங்கேயோ என்றால் உயரத்துக்கு. வாணியம்பாடியில் இருந்து காவேரிப்பாக்கம் வரைக்கும் அவள் முகம் ஒட்டாத சுவர் இல்லை. குடியாத்தத்தில் ரூபலதா லுங்கி என்று ஒரு கட்டம் போட்ட லுங்கி வந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கட்டவே மாட்டேன் என்றார், மகள் பேரை எப்படி இடுப்பில் கட்டுவது என்று. தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

எல்லாப் படத்திலும் எங்களுக்கு ஒரு சேதி இருக்கும். மற்ற ஜனங்கள் பாட்டுக்கும் சண்டைக்கும் வருவார்கள், நாங்கள் சேதிக்குப் போவோம். மலை உச்சியில் கதாநாயகனோடு ஓடிக்கொண்டே, குரல்காரி ‘அன்பே’ என்று இழுக்கும்போது, குப்புவின் வாய், ‘செருப்பு கடிக்குது சின்னம்மா, நம்ம ஊரு தோலு இல்ல’ என்று சொல்லும். இன்னொன்றில் வில்லன் கத்தியை நீட்டுகிறான், குப்பு நடுங்கிக்கொண்டே, ‘மேஸ்திரி மீசைய எடுத்துட்டாராமே?’ என்று கேட்டாள். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. மேஸ்திரி மறுநாளில் இருந்து மீசை வளர்க்க ஆரம்பித்தார். ரம்ஜானுக்கு வந்த ஒரு படத்தில் நூராக்காவுக்கு உருதுவிலேயே சேதி, சாப்பாடு எடுத்து வை, வருகிறேன் என்று. நூராக்கா கொட்டகையிலேயே ‘வா கண்ணு’ என்று பதில் சொன்னாள்.

ஆனால் குரல் விஷயம் குப்புவை அரித்துக்கொண்டே இருந்தது. என் முகம் மட்டும் வேண்டும், என் பேச்சு வேண்டாமா என்று கேட்க ஆரம்பித்தாள். உன் ஊர்ப் பேச்சு கதாநாயகிக்கு ஒத்துவராது என்றார்கள். இனி நானே பேசினால்தான் நடிப்பேன் என்று வந்த படங்களைத் திருப்பி அனுப்பினாள். ரொம்ப நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இவள் கதை முடிந்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள். கடைசியில் பாலாற்றில் பார்த்த அந்த எருமை டைரக்டர்தான் (அவரை நாங்கள் அன்போடு அப்படித்தான் சொல்வோம்) சரி, நீயே பேசு என்றார். கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கதை.

அந்தப் படம் ஆம்பூரில் வந்த அன்றைக்கு நீங்கள் இருந்திருக்க வேண்டும். குப்பு வந்து நின்று, வாயைத் திறந்து, தன் சொந்தக் குரலில், “இன்னாய்யா மொறைக்கிற?” என்றாள். கொட்டகை ஓடு பறக்காததுதான் பாக்கி. எங்கள் பேச்சு, நாங்கள் டீக்கடையில் பேசுகிற பேச்சு, அவ்வளவு பெரிய திரையில் இருந்து வந்தது. ஆண்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்து, “இன்னாய்யா மொறைக்கிற?” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்கள். அரசாங்கத்தில் அந்தப் படத்துக்காக அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். என்னையும் என் வீட்டுக்காரரையும் மெட்ராஸுக்கு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தாள். மைக்கைப் பிடித்து, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“எங்க சின்னம்மா ஆம்பூர்ல கிளேசிங் ஷெட்ல வேல செய்யுது. அதோ ஒக்காந்துகினு இருக்குது பாருங்க.”

அத்தனை தலைகளும் திரும்பின. நான் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்து நூராக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், அழுதாள், அப்புறம் ஒன்று கேட்டாள். “இனிமே அவ பேசுறது எல்லாருக்கும் கேக்கும். நமக்குன்னு தனியா இன்னாத்த சொல்லுவா?” அவள் சொன்னது சரிதான். தன் குரலிலேயே பேசத் தொடங்கின பிறகு உதடும் குரலும் ஒன்றாகிவிட்டன. அதற்கப்புறம் வந்த படங்களில் சேதி இல்லை.

இப்போது அந்த ஷெட் இல்லை. மிஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குடோன் கட்டியிருக்கிறார்கள். சினிமாக் கொட்டகை கல்யாண மண்டபம் ஆகிவிட்டது, பவித்ராவின் அத்தை மகளுக்கு அங்கேதான் நிச்சயம் நடந்தது. திரை இருந்த இடத்தில்தான் மணமேடை. பாலாற்றில் மணல் இல்லை. என் வீட்டுக்காரர் இல்லை, மேஸ்திரி இல்லை, நாத்தனாரும் போய்ச் சேர்ந்தாள். நூராக்கா கடைசி நாளில் பேச்சு நின்று படுத்திருந்தாள், பிள்ளைகள் அம்மா ஒன்றும் சொல்லவில்லையே என்று அழுதார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்த்து அவள் சொன்னதை எல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். என் மருமகள் ஷூ கம்பெனிக்குப் போகிறாள், அங்கே எல்லாரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறார்களாம். அந்தப் பாஷையைப் பேச இனி ஊரில் ஆள் இல்லை. நானும், மெட்ராஸில் குப்புவும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பு போனில் முகம் காட்டிக் கூப்பிடுவாள். பவித்ரா எட்டிப் பார்த்து, “ஆயா, மியூட்ல கீது” என்று பதறுவாள். இருக்கட்டும் விடு என்பேன். குப்புவுக்கும் தலை நரைத்துவிட்டது. கண் மட்டும் இன்னும் கீழே விழவில்லை.

பவித்ரா எழுதி முடித்துவிட்டாள். படித்துக் காட்டவா என்று என் காதருகே வந்து கத்துகிறாள். கத்தாதே கண்ணு. எழுந்துபோய் ஜன்னல் பக்கம், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி, எனக்கு எதிரில் உட்கார். ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து சொல்லு. சத்தம் வேண்டாம். உதட்டை மட்டும் நன்றாக விரித்து, முதலில் இருந்து படி. நான் பார்க்கிறேன்.